அஞ்சு ரூபா டாக்டர் ஏன் தேவைப்பட்டார்?

2018 டிசம்பரில் டாக்டர் ஜெயச்சந்திரன் இறந்துபோனார். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்து ஜனங்களுக்கு அவர் ‘அஞ்சு ரூபா டாக்டர்’. 2020 ஆகஸ்ட்டில் டாக்டர் திருவேங்கடம் வீரராகவன் இறந்துபோனார். அவர் வியாசர்பாடிக்கு அஞ்சு ரூபா டாக்டர். ஸ்டான்லியில் படித்துவிட்டு, இரண்டு ரூபாய் ஃபீஸில் ஆரம்பித்து, ஐந்து ரூபாயோடு ஏற்றுவதை நிறுத்திக்கொண்டவர்.

இரண்டு பேருக்கும் பத்திரிகைகளும் டி.வி.க்களும் உருக்கமாக அஞ்சலி செலுத்தின. செலுத்த வேண்டியதுதான். இருவரைப் பற்றி எழுதும்போதும் 2017-ல் வந்த ‘மெர்சல்’ படத்தை இழுத்தார்கள். அதில் விஜய் அஞ்சு ரூபா டாக்டராக வருவார் இல்லையா, அதனால். ‘மனிதருள் மாணிக்கம்’, ‘ஏழைகளின் தெய்வம்’ என்று தலைப்புகள். படித்துவிட்டு நீங்களும் நானும் ‘இப்படியும் ஒரு மனுஷன்’ என்று பெருமூச்சு விட்டோம். பக்கத்தைத் திருப்பினோம்.

திருப்பாமல் இரண்டு நிமிஷம் அந்தப் பக்கத்திலேயே நின்றிருக்கலாம். இரண்டு அஞ்சு ரூபா டாக்டர்களும் ஏன் வடசென்னையில், ஒருவருக்கொருவர் சில கிலோமீட்டர் தூரத்தில் இருந்தார்கள்? பெசன்ட் நகரில் ஏன் ஒருவர்கூட இல்லை? அங்கே நல்ல மனசுக்காரர்களுக்குப் பஞ்சமா? இவர்களைத் தேடி வந்த கூட்டம் என்ன வியாதியோடு வந்தது? பத்து வருஷத்துக்கு முன்னால் வந்த வியாதியும் இப்போது வருகிற வியாதியும் ஒன்றா? ஒரே தெருவில் நாற்பது வருஷம் நாடி பிடித்துப் பார்த்தவருக்கு அந்தத் தெருவின் நுரையீரல் அத்துப்படியாகியிருக்கும். அப்படிப்பட்ட மனிதரிடம் நம் நிருபர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்வி: ‘ஏன் சார் ஃபீஸை ஏத்தவே இல்லை?’

அந்தச் செய்திகளில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. எனக்குச் சிக்கலாகப் படுவது அதுதான்.

மீடியா கல்வி என்று சொன்னால் இப்போது எல்லோருக்கும் நினைவுக்கு வருவது வாட்ஸ்அப் வதந்தி. 2018-ல் கேரளாவின் கண்ணூரில் அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்குப் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்க வகுப்பு எடுத்தார்கள். பிறகு 2024-ல் அந்த மாநிலத்தின் கம்ப்யூட்டர் பாடப்புத்தகத்திலேயே அது ஏறியது. ரொம்ப நல்ல காரியம். நம் ஊருக்கும் வர வேண்டும். ஆனால் மீடியா கல்வி என்பது பொய்யைப் பிடிப்பதோடு முடிந்துவிட்டால், வடசென்னை விஷயத்தில் அது ஒன்றுக்கும் உதவாது. அங்கே நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி உண்மைச் செய்தி. உண்மையையே துண்டு துண்டாக நறுக்கி, துண்டுகளுக்கு நடுவில் இருப்பதைக் கீழே போட்டுவிடுகிறோம். அதை எப்படிப் படிப்பது என்று யார் சொல்லிக் கொடுப்பது?

1965-ல் நார்வேயைச் சேர்ந்த யோஹான் கால்டுங், மாரி ரூகே என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளை நார்வே பத்திரிகைகள் எப்படி வெளியிட்டன என்று பார்த்து, எது செய்தியாகிறது, எது ஆவதில்லை என்று ஒரு கணக்குப் போட்டார்கள். அதில் முதல் விதியே காலம் சம்பந்தப்பட்டது. தினசரி வருகிற பேப்பருக்கு ஒரு நாளில் தொடங்கி ஒரு நாளில் முடிகிற விஷயம்தான் தோது. கொலை அப்படிப்பட்டது. கப்பல் மோதுவது அப்படிப்பட்டது. ஒரு குழந்தைக்கு ஏழு வருஷமாக இழுப்பு இருப்பது அப்படிப்பட்டது இல்லை. அது எந்தத் தேதியில் நடந்தது என்று போடுவீர்கள்?

நம் ஊரில் இதையே உரக்கச் சொன்னவர் பி. சாய்நாத். தொண்ணூறுகளில் ராமநாதபுரம், புதுக்கோட்டை முதல் ஒரிஸாவின் காளஹந்தி வரை ஏழை மாவட்டங்களில் சுற்றி அவர் எழுதிய கட்டுரைகள் 1996-ல் புத்தகமாக வந்தன. வறுமையைச் சம்பவமாகப் பார்க்காதே, அது நடந்துகொண்டே இருக்கும் காரியம் என்பது அவர் விடாமல் சொன்ன பாடம். தரமணியில் இருக்கும் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் வறுமையைப் பற்றி எப்படி எழுதுவது என்று தனிப் பாடமே உண்டு. நிருபர்களுக்குப் பாடம் இருக்கிறது. படிக்கிற உங்களுக்கு?

எண்ணூரை எடுத்துக்கொள்வோம்.

2017 ஜனவரி 28 விடிகாலை. காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்று இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய்க் கசிவெல்லாம் ஒன்றுமில்லை என்று முதலில் துறைமுகத் தரப்பு சொன்னது. பிறகு எர்ணாவூர் கரையில் கறுப்பாகக் குழம்பு மாதிரி ஒதுங்கியது. மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகாத நேரம். பையன்கள், மீனவர்கள், கடலோரக் காவல்படையினர் என்று ஆளாளுக்கு வாளியோடு இறங்கி எண்ணெயை அள்ளினார்கள். பல பேர் கையில் முறையான கையுறைகூட இல்லை. அந்த வாளி இந்தியா முழுக்கக் கிண்டலுக்கு ஆளானது. ராக்கெட் விடுகிற நாட்டில் வாளியா! சரியான கேலிதான். ஒரு மாதம் கழித்து வாளியும் போயிற்று, எண்ணூரும் போயிற்று. அள்ளிய கைகளுக்கும் மூக்குகளுக்கும் என்ன ஆயிற்று என்று எந்த சேனலாவது திரும்பிப் போய்க் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து பக்கிங்ஹாம் கால்வாயிலும் கொசஸ்தலை ஆற்றிலும் கலந்தது. எண்ணூர் கழிமுகத்தில் படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் கறுப்புக் கோடு. அது காய்வதற்குள் அதே மாதம் 26-ம் தேதி நடு ராத்திரி. கப்பலிலிருந்து கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் ஜனங்கள் கண் எரிச்சலோடும் மூச்சு முட்டியும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். டிசம்பர் 26 என்ற தேதிக்கு அந்தக் கரையில் ஏற்கெனவே ஒரு அர்த்தம் இருக்கிறது. சுனாமி வந்து சரியாகப் பத்தொன்பது வருஷம்.

கேமராக்கள் வந்தன. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு படுத்திருந்தவர்களைக் காட்டினார்கள். ஆலையை மூடச் சொல்லி முப்பத்து மூன்று கிராமத்து ஜனங்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முதல் வாரம் பந்தலுக்குள் மைக்குகள் நிறைய இருந்தன. பந்தல் மாதக்கணக்கில் நீடித்தது. மைக்குகள் நீடிக்கவில்லை.

இந்த மூன்றும் சம்பவங்கள். அவற்றுக்குத் தேதி இருப்பதால் உங்களுக்குத் தெரியும். தேதி இல்லாதவற்றைப் பார்ப்போம். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் ஓட ஆரம்பித்து 2017 மார்ச்சில் மூடப்பட்டது. நாற்பத்தேழு வருஷம் நிலக்கரி எரிந்திருக்கிறது. வடசென்னை அனல்மின் நிலையம் 1994-லிருந்து எரிகிறது. சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுபோகும் குழாய்கள் ஒழுகி ஒழுகி, கழிமுகத்தில் படகு தரை தட்டுகிற அளவுக்குச் சாம்பல் படிந்தது. மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் ரசாயன ஆலைகளும். கொடுங்கையூரில் குப்பை மலை. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை, அணைக்காத இன்ஜினோடு. இதில் எதை ‘நேற்று நடந்தது’ என்று எழுத முடியும்?

ஒரு முறை இதற்கு ஒரு எண் கிடைத்தது. 2009-ல் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியமும் டெல்லி ஐ.ஐ.டி.யும் சேர்ந்து நாடு முழுக்க 88 தொழில் பகுதிகளுக்கு மார்க் போட்டன. நூற்றுக்கு எழுபதைத் தாண்டினால் ‘கடுமையாக மாசுபட்ட பகுதி’. மணலி வாங்கிய மார்க் 76.32. நல்ல மார்க் வாங்கினால் வருத்தப்பட வேண்டிய பரீட்சை அது ஒன்றுதான். பேப்பரில் வந்தது. ஒரு நாள்.

இன்னொரு விஷயத்தைச் சொல்கிறேன். 2011 மே மாதம் சென்னை ஐகோர்ட் ஒரு உத்தரவு போட்டது. அக்டோபர் 1 முதல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் இறக்கக் கூடாது, எண்ணூர்த் துறைமுகத்துக்குக் கொண்டுபோங்கள் என்று. கரித்தூசியால் ராயபுரம் ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவர்களுக்கு அது நிஜமான விடுதலை. அதை மறுக்க மாட்டேன். சென்னைத் துறைமுகம் இனி சுத்தமான சரக்கு மட்டும் கையாளும் என்று செய்திகள் வந்தன. தூசி போயிற்று! எங்கே போயிற்று? இருபது கிலோமீட்டர் வடக்கே போயிற்று. பாரிமுனையில் ஐகோர்ட்டும் வங்கிகளும் வக்கீல் ஆபீஸ்களும் இருக்கின்றன. எண்ணூரில் குப்பங்கள் இருக்கின்றன. ‘ஆரோக்கிய ஏற்றத்தாழ்வு’ என்று சமூக அறிவியல்காரர்கள் வாய்க்குள் நுழையாத ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்களே, அதை இதைவிட எளிதாக யாரும் விளக்க முடியாது. தூசி எப்போதும் பலவீனமான முகவரியைத் தேடித்தான் போகிறது.

நான் காமர்ஸ் படித்தவன், அதனால் புத்தி கணக்குப் புத்தகத்துக்குத்தான் ஓடும். ஒரு கம்பெனி தன் பாய்லருக்குத் தேய்மானம் எழுதும். வருஷத்துக்கு இவ்வளவு தேய்ந்தது என்று லாபத்திலிருந்து கழிக்கும். காம்பவுண்ட் சுவருக்கு அந்தப் பக்கம் தேய்கிற நுரையீரலுக்கு எந்த லெட்ஜரிலும் பக்கம் கிடையாது. ஆனால் செலவு செலவுதானே, யாராவது கட்டித்தானே ஆக வேண்டும்? மெடிக்கல் ஷாப் பில்லாக, இன்ஹேலராக, வேலைக்குப் போகாத நாளின் கூலியாக அந்தக் குடும்பம் கட்டுகிறது. அதில் ஒரு சின்னப் பங்கைத்தான் அஞ்சு ரூபா டாக்டர் தன் பையிலிருந்து கட்டினார். அவர் செய்தது தர்மம் என்று எழுதினோம். யாருடைய பாக்கியை அவர் அடைத்தார் என்று எழுதவில்லை.

‘வடசென்னையில் ஆஸ்பத்திரி இல்லையா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரிக்குக் குறைச்சலே இல்லை. ஸ்டான்லி இருக்கிறது. பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்ததால் இன்றும் பெரியவர்கள் வாயில் அது ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’. ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது. தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆஸ்பத்திரி வியாதியைக் குணப்படுத்தும், வியாதி உண்டாவது வேறு இடத்தில். தவிர, தினக்கூலிக்காரருக்கு ஓ.பி. சீட்டு இலவசம் என்றாலும் வரிசையில் நிற்கிற காலைப் பொழுது இலவசம் இல்லை. அன்றைய சம்பளம் போயிற்று. வேலை முடிந்து வருகிறவர் பக்கத்துத் தெருவிலேயே ஐந்து ரூபாயில் பார்த்துக்கொள்ள முடிந்தால் அங்கேதான் போவார்.

இங்கேதான் லண்டன் குமாஸ்தாக்கள் நம் உதவிக்கு வருகிறார்கள். 1967-ல் பிரிட்டிஷ் அரசு ஊழியர்கள் சுமார் 18,000 பேரை ஒரு ஆய்வுக்குழு பின்தொடர ஆரம்பித்தது. வைட்ஹால் ஆய்வு என்று பெயர். மைக்கேல் மார்மட் என்பவரின் பெயரோடு அது பிரபலமானது. எல்லோரும் ஆபீஸ் உத்தியோகம். யாரும் பட்டினி இல்லை. எல்லோருக்கும் இலவச வைத்தியம். அப்படியிருந்தும் அடிமட்டத்தில் இருந்த வாசல் காவலர், கடிதம் கொண்டுபோகும் ஆள் போன்றவர்கள் உச்சியில் இருந்த அதிகாரிகளைப் போல மூன்று மடங்கு விகிதத்தில் இறந்தார்கள். நடுவில் இருந்தவர்களின் கணக்கும் படிக்கட்டு மாதிரி. ஒரு படி இறங்கினால் ஆயுள் ஒரு படி இறங்குகிறது. சிகரெட், கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தார்கள். அவை அந்த வித்தியாசத்தில் பாதியைக்கூட விளக்கவில்லை.

இதைத் தெரிந்துகொண்டு நம் பத்திரிகைகளின் ஆரோக்கியப் பக்கத்தைத் திறங்கள். இந்த வாரப் பத்திரிகையிலேயே பாருங்களேன், எடிட்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். தினமும் காலையில் அரை மணி நேரம் நடங்கள். வறுத்ததைத் தவிர்த்துப் பழம் சாப்பிடுங்கள். டென்ஷன் ஆகாதீர்கள். எட்டு மணி நேரம் தூங்குங்கள். எல்லாம் சரியான யோசனை. எர்ணாவூரில் இருக்கும் ஒருவர் இதைப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அவர் எந்த ரோட்டில் நடப்பார்? டிரெய்லர் லாரிகளுக்கு நடுவிலா? காற்று வாங்க ஜன்னலைத் திறந்தால் தரையில் விரலால் கோடு போடும் அளவுக்குத் தூசி. நைட் ஷிஃப்ட்காரர் எட்டு மணி நேரம் எப்போது தூங்குவார்? ஆரோக்கியப் பக்கம் ஒரு வாசகரை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறது. அவருக்கு வீட்டருகே பூங்கா உண்டு, காலையில் நேரம் உண்டு, ஃப்ரிட்ஜில் ஆப்பிள் உண்டு. அவருக்கு வியாதி வந்தால் காரணம் சோம்பேறித்தனம். மற்றவர்களுக்கும் அதே தீர்ப்பைத்தான் அந்தப் பக்கம் சொல்லாமல் சொல்கிறது: உன் உடம்பு, உன் தப்பு. இதை எழுதியவருக்கு அப்படி ஒரு எண்ணமே இருந்திருக்காது. அதனால்தான் படிக்கிறவருக்குப் பயிற்சி தேவைப்படுகிறது.

சினிமா மட்டும் என்ன வாழ்கிறது? ‘மெட்ராஸ்’, ‘வட சென்னை’, ‘சார்பட்டா பரம்பரை’ என்று கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷங்களில் வடசென்னைக்கு நல்ல படங்கள் வந்துவிட்டன. ரவுடி என்ற ஒற்றை முத்திரையை இவை கொஞ்சம் அழித்தன. சுவரைப் பற்றிப் பேசின, நிலத்தைப் பற்றிப் பேசின, குத்துச்சண்டையைக் கௌரவமாகக் காட்டின. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? நம் சினிமாவில் வடசென்னைக்காரர் கத்தியால் சாகிறார், மூச்சால் சாவதில்லை. ‘சார்பட்டா’வில் சாராயம் ஒரு உடம்பைக் கெடுப்பது வரை வந்தார்கள், அதுவே அபூர்வம். புகைபோக்கி வருகிறதே என்பீர்கள். ஹீரோ நடந்து வரும்போது பின்னால் சாயங்கால வெளிச்சத்தில் அழகாக வரும். கேமராமேனுக்கு நல்ல ஃப்ரேம். அதற்குள்ளிருந்து வருகிற புகை யார் வீட்டுக்குப் போகிறது என்று அடுத்த ஷாட் கிடையாது.

‘மெர்சல்’ சமாசாரம் இன்னும் வேடிக்கை. வைத்தியச் செலவைப் பற்றிய படம் வெளியானதும் நாடு சண்டை போட்டது ஜி.எஸ்.டி. வசனத்தைப் பற்றி. சிங்கப்பூரில் ஏழு சதவிகித வரிக்கு இலவச வைத்தியம் என்று ஹீரோ சொன்னார். வரி அப்போது ஏழு சதவிகிதம்தான். வைத்தியம் இலவசம் இல்லை, அங்கே சம்பளத்திலிருந்தே அதற்குப் பிடித்துச் சேமிக்கிறார்கள். தியேட்டரில் கைதட்டியவர்களும் வசனத்தை வெட்டச் சொன்னவர்களும் அதைச் சரிபார்க்க மெனக்கெடவில்லை. அஞ்சு ரூபா டாக்டரை இரண்டு தரப்பும் மறந்துபோயின.

மீடியாவை மட்டும் திட்டிவிட்டுப் போனால் ஆராய்ச்சியாளர்கள் சந்தோஷப்படுவார்கள். அவர்களுக்கும் ஒரு பங்கு வைக்க வேண்டும். குடும்பநல சர்வே என்று மத்திய அரசு ஒன்று எடுக்கிறதே, அதில் மாவட்டவாரியாகக் கணக்கு கிடைக்க ஆரம்பித்ததே 2015-16-ல்தான். அப்போது எண்ணூரும் திருவொற்றியூரும் எந்த மாவட்டம் தெரியுமா? திருவள்ளூர். 2011-லேயே சென்னை மாநகராட்சிக்குள் சேர்த்துவிட்டார்கள், மாவட்டத்துக்குள் சேர்த்தது 2018-ல். ஆக, மணலிக் குழந்தையின் மூச்சும் திருத்தணிக் குழந்தையின் மூச்சும் ஒரே சராசரியில் கரைந்தன. சென்னைக்குள் வந்த பிறகாவது விடிந்ததா? இனி அது அடையாறோடு கரையும். சராசரி என்பது ஒரு காலை அடுப்பிலும் ஒரு காலை ஐஸ் பெட்டியிலும் வைத்திருப்பவருக்கு உஷ்ணம் நார்மல் என்று சொல்வது. வார்டு வாரியாகப் பிரித்துத் தராத எந்த எண்ணும் வடசென்னையைப் பொறுத்தவரை ஒரு திரைதான்.

ஆராய்ச்சியை மூடி வைப்பதிலும் ஒரு சரித்திரம் இருக்கிறது. பிரிட்டனில் ஏழைகள் ஏன் சீக்கிரம் சாகிறார்கள் என்று கண்டுபிடிக்க டக்ளஸ் பிளாக் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 1980-ல் அறிக்கை வந்தபோது ஆட்சி மாறியிருந்தது. புதிய அரசுக்கு அது பிடிக்கவில்லை. தடை செய்தார்களா? இல்லை. ஆகஸ்ட் மாத விடுமுறை சமயமாகப் பார்த்து, வெறும் 260 பிரதிகள் எடுத்து வெளியிட்டார்கள். யார் கண்ணிலும் படாது என்று நினைப்பு. குழுவில் இருந்தவர்கள் தாங்களே நிருபர்களைக் கூட்டிப் பேசினார்கள். ‘அமுக்கப் பார்த்த அறிக்கை’ என்பதே பெரிய செய்தியாகி, 1982-ல் பெங்குயின் அதை மலிவுப் பதிப்பாகப் போட்டது. நம் ஊரில் இவ்வளவு சாமர்த்தியம்கூடத் தேவையில்லை. ஆங்கிலத்தில் எழுதி, அட்டவணை 4.7-க்குள் வைத்துவிட்டால் போதும். திருவொற்றியூர் தேரடியில் நிற்கும் ஒருவர் தன் நுரையீரலைப் பற்றி யாரோ எழுதியதை எந்தக் காலத்திலும் படிக்கப் போவதில்லை.

இதற்கு எதிர் உதாரணமும் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. கடலூர் சிப்காட். ராத்திரியானால் ரசாயன நாற்றம். அதிகாரிகள் வருவதற்குள் காற்று மாறிவிடும். 2004 வாக்கில் அந்தக் கிராமத்து ஜனங்களே நாற்றத்துக்கு நோட்டுப் போட ஆரம்பித்தார்கள். எத்தனை மணிக்கு, எந்தத் திசைக் காற்று, அழுகின முட்டையா, அழுகின முட்டைக்கோஸா, நெயில் பாலிஷா என்று. கூடவே ஒரு வாளி. பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பையைப் பொருத்தி, நாற்றம் அடிக்கும் நேரத்தில் காற்றைப் பிடித்து லேபுக்கு அனுப்பும் ஏற்பாடு. அமெரிக்காவில் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் பயன்படுத்திய யோசனை அது. பரிசோதனையில் இருபத்திரண்டு ரசாயனங்கள் அகப்பட்டன. அதற்குப் பிறகு ‘நாத்தம் அடிக்குது சார்’ என்பது புலம்பலாக இல்லாமல் ஆதாரமாக மாறியது. நிருபர் வரும்வரை காத்திருக்காமல் தங்கள் செய்தியைத் தாங்களே அளந்து வைத்துக்கொண்டார்கள். கடலூர் வாளி அது. எண்ணூர் வாளியைப் பார்த்துச் சிரித்த நமக்கு இந்த வாளி எத்தனை பேருக்குத் தெரியும்?

2017 ஜனவரியில் வந்த ‘சென்னை பொறம்போக்கு பாடல்’ வேறு வழியில் முயன்றது. கேபர் வாசுகி எழுத, டி.எம். கிருஷ்ணா எண்ணூர் கழிமுகத்துக்கே போய் நின்று பாடினார். ‘பொறம்போக்கு’ என்று திட்டுகிற வார்த்தைக்குப் பொதுச்சொத்து என்ற பழைய அர்த்தத்தைத் திருப்பிக் கொடுத்தது அந்தப் பாட்டு. சபாவைத் தாண்டி வடக்கே போகாத காதுகளை எண்ணூருக்குக் கூட்டிக்கொண்டு போனது பெரிய விஷயம். எனக்கு அது பிடிக்கும். ஆனால் அதைப் பற்றி நடந்த சர்ச்சையைக் கவனித்தேன். கர்நாடக ராகத்தில் சேரிப் பேச்சு வரலாமா கூடாதா என்பதில்தான் நம் ஆட்கள் மும்முரமாக இருந்தார்கள். சாம்பல் தன் பாட்டுக்குப் படிந்துகொண்டிருந்தது.

சரி, மெதுவாக நடக்கிற விஷயம் செய்தியாகவே முடியாதா? முடியும். சென்னைப் பேப்பர் எதையாவது எடுங்கள். கோடை வந்தால் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம். ஏரியில் எவ்வளவு தண்ணீர், முழுக் கொள்ளளவு எவ்வளவு, போன வருஷம் இதே நாளில் எவ்வளவு. ஏரி வற்றுவதைவிட மெதுவான காரியம் உலகத்தில் உண்டா? ஆனாலும் அது தினசரிச் செய்தி. காரணம், ஒரு எண் தினமும் வருகிறது. படித்துப் படித்துச் சென்னைவாசி ஒவ்வொருவரும் பாதி இன்ஜினீயர் ஆகிவிட்டார். புழலில் இவ்வளவுதான் இருக்கு, மே மாசம் லாரித் தண்ணிதான் என்று டீக்கடையில் சொல்கிறார். அந்தக் கட்டம் ஒரு ஊருக்கே பாடம் நடத்தியிருக்கிறது. தங்கம் கிராம் விலைக் கட்டமும் அப்படித்தான்.

மணலியில் காற்றை நாள் முழுக்க அளக்கும் கருவி இருக்கிறது. அந்த எண் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி வருகிறது. பி.எம். 2.5 என்று சொல்லும் நுண்தூசிக்கு நம் நாட்டு வரம்பு ஒரு நாளைக்குக் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், வருஷ சராசரிக்கு 40. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன வருஷ வரம்பு 5. மணலி, வேளச்சேரி, ஆலந்தூர். நேற்று எவ்வளவு, போன வருஷம் இதே நாள் எவ்வளவு. இரண்டு சென்டிமீட்டர் இடம் போதும். விளம்பரம் போகாத மூலை ஒன்றைப் பார்த்துக் கொடுத்தால்கூடச் சரி. பக்கத்திலேயே எண்ணூருக்கு ஒரு வரி விட்டு, அங்கே எண் கிடைக்காத நாளில் கோடு போட்டு வையுங்கள். காலியாக இருந்தாலும் அந்த வரியை எடுத்துவிடாதீர்கள். ஏன் காலியாக இருக்கிறது என்று திருவொற்றியூரிலிருந்து நாலு பேர் போன் போட்டுக் கேட்கட்டும். உங்கள் பேப்பர் ஆசிரியருக்கு நீங்களும் ஒரு கார்டு எழுதிப் போடலாம்.